இடமாற்றமும் இடைக்கால ஆணையும்

அரசாங்க ஊழியர் ஒருவரின் வாழ்க்கையைத் தலைகீழாக்குவதற்குப் பெரிய சாசனம் எதுவும் வேண்டியதில்லை; நான்கு வரிக் கடிதமொன்று போதும். இன்ன திகதி முதல் இன்ன ஊரிலே கடமையேற்க வேண்டும் என்பதே அதன் வாசகம். அக்கடிதத்திலே தண்டனை என்ற சொல் இராது; குற்றச்சாட்டும் இராது. சம்பளம் குறைவதில்லை, பதவியும் தாழ்வதில்லை. ஆயினும் அதனைக் கையிற் பெற்றவர் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும், மனைவியின் உத்தியோகத்தையும், முதிய பெற்றோரின் வைத்தியத்தையும் எண்ணி உறக்கமிழக்கிறார். மறுபுறத்திலே, அவர் போய்ச் சேரவேண்டிய ஊரில் ஆசிரியரில்லாத வகுப்பொன்றோ, வைத்தியரில்லாத மருந்தகமொன்றோ காத்துக் கிடக்கிறது. இவ்விரு துன்பங்களுக்கும் நடுவே நீதிமன்றம் எவ்விடத்தில் நிற்கவேண்டும் என்பதே இப்பேச்சில் ஆராயப்படும் பொருளாகும்.

இடமாற்ற வழக்குகளுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. காணி வழக்கு பத்தாண்டு நீடித்தாலும் காணி இருந்த இடத்திலேயே இருக்கும். கடன் வழக்கிலே தாமதத்துக்கு வட்டி கிடைக்கும். இடமாற்ற வழக்கோ அத்தகையதன்று. ஒருவர் ஓரிடத்திற் கடமையாற்றும் காலம் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுகளே. வழக்கு முடியும்வரை இடமாற்றத்தை நிறுத்திவைக்குமாறு மன்றம் ஆணையிட்டால், அவர் இருந்த இடத்திலேயே காலத்தைக் கழித்துவிடுவார். அவ்வாணை மறுக்கப்பட்டால், குடும்பம் பெயர்ந்துவிடும்; அவருடைய கதிரையில் வேறொருவர் அமர்ந்துவிடுவார். இறுதித் தீர்ப்பு எப்பக்கம் விழுந்தாலும் அது அறுவடை முடிந்தபின் பெய்யும் மழையாகவே இருக்கும். ஆகவே, வழக்கின் தொடக்கத்திலே, முழு விசாரணைக்கு முன்னரே பிறப்பிக்கப்படும் இடைக்கால ஆணைதான் நடைமுறையிலே தீர்ப்பாகிவிடுகிறது. அச்சிறிய ஆணையை வழங்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அது தவறாக வழங்கப்பட்டால் அதனைத் திருத்துவோர் யார் என்பன அரசாங்க சேவையின் வரலாற்றிலே பெரிய வினாக்களாகும்.

இவ்வினாக்களுக்குப் பலவகை விடைகளையும் மாறி மாறிச் சோதித்துப் பார்த்த நாடு இந்தியா. அந்நாடு முதலில் ஊழியனுக்கு நீதிமன்றத்தின் கதவை அடைத்தது. பின்னர் அகலத் திறந்தது. மறுபடியும் அடைத்து வேறொரு வாசலைக் காட்டியது. ஈற்றில் இரு வாசல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தது. அக்கதையைத் தொடருமுன் ஒரு சொல் விளக்கம் வேண்டும். இலங்கையிலே உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் தலைமை மன்றத்தைக் குறிக்கும். இந்தியாவிலோ மாநிலத்தின் தலையாய மன்றமே உயர் நீதிமன்றம் எனப்படும். அதற்கு மேலே தில்லியில் இருப்பது உச்ச நீதிமன்றம். இப்பேச்சிலே இந்திய மன்றங்கள் அந்நாட்டு வழக்கின்படியே பெயர் பெறும்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே அரசாங்க ஊழியன் முடிக்குரிய வேலையாள். முடியின் விருப்பம் உள்ளவரையே அவன் பதவியில் இருக்கலாம் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கோட்பாடு. 1919 ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் அக்கோட்பாட்டை எழுத்திலே பதித்தது. அதே சட்டத்தின் கீழ், ஒருவரை நீக்குமுன் விசாரணை நடத்தப்பட வேண்டும் என்ற விதிகளும் வகுக்கப்பட்டன. விதியை அரசாங்கமே மீறினால் என் செய்வது? சென்னை அரசாங்க அச்சகத்திலே அச்சுப்படி வாசிக்கும் பணியில் இருந்து நீக்கப்பட்ட வெங்கடராவ் என்பவர் இவ்வினாவை இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை கொண்டுசென்றார். 1936 ஆம் ஆண்டிலே தீர்ப்பு வந்தது. விதிப்படி விசாரணை நடைபெறவில்லை என்பதைப் பிரபுக்கள் ஏற்றுக்கொண்டனர். எனினும், அவ்விதிகள் நீதிமன்றத்திலே வழக்காடும் உரிமையைத் தரமாட்டா என்றும், மேலதிகாரிகளிடம் முறையிடுவதே அவருக்குரிய வழி என்றும் கூறிவிட்டனர். அதே காலத்திலே சென்னை மாகாணத்துப் பொலிஸ் உத்தியோகத்தர் ரங்காச்சாரியின் வழக்கும் அக்கழகத்தின் முன் வந்தது. நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட ஒருவர் பதவிநீக்கம் செய்தல் சட்டத்தின் நேரடி வாசகத்துக்கே முரணாகும். ஆகவே அது செல்லாது என அவ்வழக்கில் முடிவாயிற்று. சட்டத்தின் வாசகம் ஊழியனைக் காக்கும். விதியின் வாசகம் காக்காது. வெள்ளையர் ஆட்சி விட்டுச்சென்ற நிலை இதுவே.

1950 சனவரி 26 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. அதன் 310 ஆம் உறுப்புரையிலே விருப்பக் கோட்பாடு தொடர்ந்தும் இடம்பெற்றது. ஆயின் அடுத்த உறுப்புரையாகிய 311, நியமித்தவருக்குக் கீழ்ப்பட்டவர் ஊழியரை நீக்கலாகாது என்றும், தம் பக்க நியாயத்தைக் கூற வாய்ப்பளியாமல் ஒருவரை நீக்கவோ பதவியிற் குறைக்கவோ கூடாது என்றும் விதித்தது. இவற்றோடு, 226 ஆம் உறுப்புரை உயர் நீதிமன்றங்களுக்கு அரசாங்கத்தின் மீதே எழுத்தாணை பிறப்பிக்கும் வலிமையை அளித்தது. வெங்கடராவ் நின்ற வாசலிலே இப்பொழுது கதவு திறந்திருந்தது.

ஆயினும் 311 ஆம் உறுப்புரையை ஊன்றிப் படிப்போர் ஒன்றைக் காண்பர். நீக்கம் அங்கே உண்டு, பதவிக்குறைப்பும் உண்டு, இடமாற்றம் இல்லை. இடமாற்றம் தண்டனையன்று, சேவையோடு கூடப்பிறந்த ஒரு நிகழ்ச்சி என்பதே சட்டத்தின் பார்வை. இதனால் ஒரு விசித்திரம் விளைந்தது. ஒருவரைப் பகிரங்கமாகத் தண்டிக்க விரும்பும் மேலதிகாரி குற்றப்பத்திரம் தயாரிக்கவேண்டும், சாட்சிகளை அழைக்கவேண்டும், விளக்கத்தைக் கேட்கவேண்டும். ஓசையின்றித் தண்டிக்க விரும்புபவருக்கோ நான்கு வரிக் கடிதம் ஒன்றே போதும். நேர்மையான நிருவாகத் தேவைக்காக எழுதப்படும் கடிதமும் அதே நான்கு வரிதான். வெளித்தோற்றத்திலே இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. இடமாற்ற வழக்கின் சிக்கல் முழுவதும் இவ்வொற்றுமையில் அடங்கியிருக்கிறது.

இடைக்கால ஆணையின் எல்லையும் தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்டது. ஒரிசாவிலே சுரங்கக் குத்தகை தொடர்பாக எழுந்த மதன் கோபால் ருங்டா வழக்கிலே, உரிமையைப் பற்றி முடிவுகூற மறுத்த உயர் நீதிமன்றம், மனுதாரர் வேறொரு மன்றத்திலே வழக்கிடும்வரை மட்டும் அரசாங்கத்தைத் தடுத்துவைத்தது. 1951 ஆம் ஆண்டிலே உச்ச நீதிமன்றம் அவ்வாணையைத் தள்ளிற்று. இடைக்கால நிவாரணம் முதன்மை நிவாரணத்துக்குத் துணையாக வருவது. அதுவே முதலும் முடிவுமான நிவாரணமாக ஆகிவிடலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். வாசற்படி வீடாகிவிடக் கூடாது என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

இடைக்கால ஆணை கேட்போரிடம் மன்றங்கள் வழக்கமாக மூன்று வினாக்களை வினவும். முதற்பார்வையிலே உமது வழக்கில் வலு உண்டா? இப்பொழுது தடுக்காவிட்டால் பின்னர் ஈடுசெய்ய முடியாத தீங்கு நேருமா? தடுப்பதால் விளையும் இடர், தடுக்காமையால் விளையும் இடர் ஆகிய இரண்டினுள் எது பெரியது? இடமாற்ற வழக்கிலே இவ்வினாக்கள் மிகக் கூர்மை பெறுகின்றன. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பிள்ளையின் படிப்புக் குலைவதைப் பின்னர் எந்தப் பணத்தால் ஈடுசெய்வது? அதேவேளை, எவரும் செல்ல விரும்பாத தொலைதூர ஊரின் பிள்ளைகளுக்கு ஓராண்டு ஆசிரியர் இல்லாமற் போவதை எந்தப் பணத்தால் ஈடுசெய்வது? முதலாவது துன்பத்துக்கு உரியவர் மன்றத்தின் முன் நிற்கிறார். இரண்டாவது துன்பத்துக்கு உரியோர் அங்கே வருவதில்லை.

உயர்ந்த பதவியில் இருந்த ஒருவரும் இச்சிக்கலிலே அகப்பட்டார். தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ஈ. பி. ராயப்பா, 1971 ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின்னர் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவராக மாற்றப்பட்டார். 1972 ஆம் ஆண்டிலே விசேட கடமை அதிகாரி என்னும் மற்றொரு பதவிக்கு அனுப்பப்பட்டார். சம்பளத்திலே குறைவில்லை என அரசாங்கம் கூறிற்று. இது முதலமைச்சரின் கெடுநோக்கால் விளைந்தது என அவர் உச்ச நீதிமன்றத்திலே நேரடியாக மனுச்செய்தார். 1973 நவம்பரில் வந்த தீர்ப்பு அவருக்குத் தோல்வியாகவே முடிந்தது. கெடுநோக்கம் என்று கூறுபவர் அதனை நிரூபிக்கும் பாரமும் மிகப் பெரியது என மன்றம் கண்டது. ஆனால் அதே தீர்ப்பிலே நீதியரசர் பகவதி எழுதிய பகுதி மனுதாரரின் தோல்வியைக் கடந்து வாழ்கிறது. சமத்துவமும் எதேச்சாதிகாரமும் ஒன்றுக்கொன்று பகையானவை. எதேச்சையாகச் செய்யப்படும் எதுவும் சமத்துவத்தை மீறுவதாகும் என அவர் விளக்கினார். பின்வந்த தலைமுறையிலே இந்தியாவின் நிருவாகச் சட்டம் முழுவதும் ஊன்றி நிற்கும் தூண்களில் ஒன்று இவ்வாறு ஓர் இடமாற்ற வழக்கிலே நாட்டப்பட்டது.

இதற்கிடையே உயர் நீதிமன்றங்களிலே அரசாங்க ஊழியரின் வழக்குகள் மலைபோற் குவிந்தன. அவசரகால நிலைமையின்போது, 1976 ஆம் ஆண்டிலே நிறைவேறிய நாற்பத்திரண்டாவது திருத்தம் 323 அ என்னும் புதிய உறுப்புரையைச் சேர்த்தது. அரசாங்க ஊழியரின் சேவைப் பிணக்குகளை விசாரிக்க நிருவாக நியாயசபைகளை நிறுவலாம். அவ்வாறு நிறுவும்போது உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தை விலக்கலாம் என்பதே அதன் பயன். 1978 ஆம் ஆண்டின் நாற்பத்து நான்காவது திருத்தம் மற்றொரு செப்பத்தைச் செய்தது. எதிர்த்தரப்பைக் கேளாமல் உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணை வழங்கினால், அதனை நீக்குமாறு கேட்கும் விண்ணப்பத்தை இரு வாரங்களுக்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிடில் ஆணை தானாகவே ஒழியும் என 226 ஆம் உறுப்புரையிலே விதிக்கப்பட்டது. ஒருதலைப்பட்சமான ஆணைகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தமைக்கு வைக்கப்பட்ட கடிவாளம் இது.

1985 ஆம் ஆண்டிலே நிருவாக நியாயசபைகள் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு நவம்பரில் மத்திய நிருவாக நியாயசபை பணியைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டிலே தீர்ப்பாயம் என வழங்கப்படுவது இதுவே. நீதித்துறையிலிருந்து வந்தோரும் நிருவாகத்திலே பழுத்த அனுபவம் உடையோரும் அங்கே ஒருங்கே அமர்ந்தனர். ஊழியர்கள் எளிதில் அணுகவும், வழக்குகள் விரைவில் முடியவும் வேண்டும் என்பதே நோக்கம். இடைக்கால ஆணையைப் பற்றி அச்சட்டத்தின் 24 ஆம் பிரிவு மிகுந்த எச்சரிக்கையோடு எழுதப்பட்டது. மனுவின் பிரதிகளை எதிர்த்தரப்புக்குக் கொடுத்து, அதன் நியாயத்தையும் கேட்டபின்னரே இடைக்கால ஆணை வழங்கலாம். பணத்தால் ஈடுசெய்ய முடியாத இழப்பைத் தடுக்க வேண்டிய விதிவிலக்கான வேளையில், காரணத்தை எழுத்திலே பதிந்து, கேளாமலும் வழங்கலாம். ஆயின் அத்தகைய ஆணைக்கு ஆயுள் பதினான்கு நாள் மட்டுமே. அதற்குள் மறுதரப்பைக் கேட்டு நீடிக்காவிட்டால் ஆணை இறந்துவிடும்.

நியாயசபைகள் நிறுவப்பட்ட காலத்திலே, இடமாற்றத்தைப் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் போக்கும் உருப்பெற்றது. 1986 ஆம் ஆண்டிலே கருநாடகத்திலிருந்து வந்த வரதராவ் வழக்கிலே, இடமாற்றம் சேவையின் உள்ளார்ந்த நிபந்தனை என்பது உறுதிசெய்யப்பட்டது. அதனோடு, காலமும் காரணமும் இன்றி அடிக்கடி இடம்மாற்றுதல் ஒரு குடும்பத்தை வேரோடு பிடுங்கும், பிள்ளைகளின் கல்வியைக் கெடுக்கும் என்ற கவலையையும் மன்றம் வெளியிட்டது. 1989 ஆம் ஆண்டிலே குஜராத் மின்சார சபையின் ஊழியர் ஒருவரின் வழக்கிலே, இடமாற்றக் கட்டளை நிறுத்திவைக்கப்படாவிட்டால், மாற்றப்படாவிட்டால், நீக்கப்படாவிட்டால், ஊழியர் அதற்குப் பணிந்தே ஆகவேண்டும் எனக் கூறப்பட்டது. மேல்முறையீடு எழுதிவிட்டேன் என்ற காரணத்தால் வீட்டில் இருத்தல் ஆகாது. இவ்விதி இடைக்கால ஆணையின் மதிப்பை இன்னும் உயர்த்திவிட்டது. ஏனெனில், அவ்வாணை இல்லாதவிடத்து ஊழியருக்குப் பயணத்தைத் தவிர வேறு வழியில்லை.

1990 ஆம் ஆண்டிலே பீகாரின் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் வழக்கு வந்தது. கணவர் கடமையாற்றும் இடங்களுக்குச் செல்லவேண்டும் எனக் கேட்ட ஆசிரியைகள் அவ்வாறே மாற்றப்பட்டனர். அதனால் இடம்பெயர்க்கப்பட்டோர் வழக்கிட்டனர். உயர் நீதிமன்றம் இடமாற்றங்களை நீக்கியது. உச்ச நீதிமன்றம் அவற்றை மீண்டும் நிலைநிறுத்தியது. அன்றாட இடமாற்றங்களிலே மன்றங்கள் தலையிட்டால் நிருவாகமே நிலைகுலையும் என்பது அதன் எச்சரிக்கை. இவ்வழக்கிலே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. இரு பக்கத்திலும் நின்றோர் ஆசிரியரே. ஒருவரின் துன்பத்தை நீக்கிய கட்டளை மற்றொருவரின் துன்பமாயிற்று.

அப்பாஸ் வழக்கு இன்னும் தெளிவானது. ஷில்லாங் நகரிலே இந்தியத் தாவரவியல் ஆய்வுத் திணைக்களத்திற் பணியாற்றிய அவர் 1991 ஆம் ஆண்டிலே உத்தரப் பிரதேசத்து மலைப்பகுதியிலுள்ள பௌரிக்கு மாற்றப்பட்டார். மனைவியும் ஷில்லாங்கிலே அரசாங்க உத்தியோகத்தர். பிள்ளைகள் அங்கே படித்தனர். கணவனையும் மனைவியையும் இயன்றவரை ஓரூரில் வைத்திருக்க வேண்டும் என்ற அரசாங்க வழிகாட்டலைக் கண்ட நியாயசபை இடமாற்றத்தை நீக்கிற்று. 1993 ஏப்பிரலில் உச்ச நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. வழிகாட்டலை அதிகாரிகள் மனத்திற் கொள்ளவேண்டும். ஆனால் அது சட்ட உரிமையைத் தராது. யாரை எங்கே அனுப்புவது என்பதை நியாயசபை தானே தீர்மானிக்க முயலலாகாது. கெடுநோக்கம் இருந்தாலோ, சட்டவிதி மீறப்பட்டாலோ மட்டுமே அது தலையிடலாம். 1995 ஆம் ஆண்டிலே மத்தியப் பிரதேச வழக்கொன்றிலும், எவருடைய கஷ்டம் பெரியது என ஒப்பிடுவது மன்றத்தின் வேலையன்று, நிருவாகத்தின் வேலை எனக் கூறப்பட்டது.

இத்தீர்ப்புகளைத் தனியே வைத்துப் படித்தால் மன்றம் இரக்கமற்றது போலத் தோன்றும். ஆனால் அது கூறியதை நுணுகிப் பார்க்கவேண்டும். கஷ்டத்தைக் கேட்கவே வேண்டாம் என்று அது கூறவில்லை. கேட்கும் கடமை உடையவர் திணைக்களத் தலைவர் என்றே கூறியது. திணைக்களத் தலைவர் கேளாவிடின் என்ன செய்வது என்பதற்கு அத்தீர்ப்புகளிலே நிறைவான விடை இல்லை என்பதும் உண்மையே.

இனி, மீளாய்வின் கதைக்கு வருவோம். 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நியாயசபையின் ஆணையால் பாதிக்கப்பட்டவருக்கு உயர் நீதிமன்றத்தின் கதவு அடைபட்டது. உச்ச நீதிமன்றத்திலே விசேட அனுமதி பெற்று முறையிடுவதொன்றே வழியாயிற்று. 1986 ஆம் ஆண்டின் சம்பத்குமார் வழக்கிலே இவ்வேற்பாடு செல்லும் என முடிவாகியது. உயர் நீதிமன்றத்துக்கு ஈடான மாற்று மன்றமாக நியாயசபை இருந்தாற் போதும் என்பது அன்றைய கருத்து. நடைமுறை என்னவாயிற்று? பதினான்கு நாள் வாழும் ஆணை ஒன்றைத் திருத்துவதற்கும் கேரளத்திலிருந்தோ அசாமிலிருந்தோ தில்லிக்குப் போகவேண்டியதாயிற்று. அமைச்சகத்துக்கு அது இயலும், எழுதுவினைஞருக்கு இயலுமா? ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

1997 மார்ச் 18 ஆம் திகதி, பிரதம நீதியரசர் அகமதி தலைமையில் ஏழு நீதியரசர் அமர்ந்த ஆயம் சந்திரகுமார் வழக்கிலே தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றங்களின் மீளாய்வு அதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது. அதனைப் பாராளுமன்றமும் அகற்ற முடியாது என ஆயம் கூறியது. நியாயசபைகள் ஒழிக்கப்படவில்லை. ஊழியர் முதலில் அங்கேயே செல்லவேண்டும். ஆனால் அதன் முடிவுகளை அவ்வெல்லைக்குரிய உயர் நீதிமன்றத்தின் இரு நீதியரசர் ஆயம் மீளாய்வு செய்யலாம். வழக்குக்கு முதலில் நிபுணர் சபை. அதற்கு மேலே அருகிலுள்ள நீதிமன்றம். எல்லாவற்றுக்கும் மேலே தில்லி. இடமாற்றத்தைத் தடுத்த ஆணையும், தடுக்க மறுத்த ஆணையும் இவ்வழியே உயர் நீதிமன்றங்களுக்கு வரத் தொடங்கின.

வரும் ஆணையை உயர் நீதிமன்றம் எவ்வாறு நோக்கவேண்டும்? இங்கே மேன்முறையீடு, மேற்பார்வை என்ற இரண்டையும் வேறுபடுத்தவேண்டும். மேன்முறையீட்டிலே மேல்மன்றம் தானே அவ்விடத்தில் இருந்தால் என்ன முடிவு செய்திருக்கும் என எண்ணிப் பார்க்கும். மேற்பார்வையிலே கீழ்மன்றம் தன் எல்லைக்குள் நின்றதா என்பதை மட்டுமே பார்க்கும். 227 ஆம் உறுப்புரை தரும் மேற்பார்வை அதிகாரத்தை மிகவும் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என 1954 ஆம் ஆண்டின் வர்யாம் சிங் வழக்கிலேயே கூறப்பட்டது. வணிகச் சின்னம் தொடர்பான 1990 ஆம் ஆண்டு வழக்கொன்றிலும், இடைக்கால ஆணை விடயத்தில் கீழ்மன்றத்தின் விவேகத்துக்குப் பதிலாக மேல்மன்றம் தன் விவேகத்தைப் புகுத்தலாகாது; எதேச்சையாகவோ, நிலைபெற்ற நெறிகளைப் புறக்கணித்தோ ஆணை பிறந்திருந்தால் மட்டுமே தலையிடலாம் என்பது வலியுறுத்தப்பட்டது.

ஆகவே மீளாய்வு செய்யும் நீதியரசர், இடமாற்றம் நல்லதா தீயதா என வினவுவதில்லை. மறுதரப்பு கேட்கப்பட்டதா? காரணம் எழுதப்பட்டதா? முதற்பார்வைக்கு வலுவுள்ள குற்றச்சாட்டு ஏதும் இருந்ததா, அன்றி வெறும் இரக்கமே ஆணையாயிற்றா? அவ்வூழியர் ஏற்கெனவே கடமையிலிருந்து விடுவிக்கப்பட்டு, அவ்விடத்துக்கு மற்றொருவர் வந்துவிட்டாரா? இவையே உரிய வினாக்கள். கடைசி வினா சிறியதுபோலத் தோன்றினாலும் வழக்கின் போக்கையே மாற்றவல்லது. கதிரை காலியாக இருக்கும்போது தடுப்பது ஒன்று. அமர்ந்தவரை எழுப்பித் தடுப்பது மற்றொன்று.

இத்தனை எச்சரிக்கைகளுக்கும் மறுபக்கம் ஒன்று உண்டு. 2004 ஆம் ஆண்டிலே மகாராட்டிரத்திலிருந்து வந்த தேவராஜ் வழக்கிலே உச்ச நீதிமன்றம் அதனை எடுத்துக்காட்டியது. சில வழக்குகளிலே இடைக்கால நிவாரணத்தை மறுப்பதே மனுவைத் தள்ளுபடி செய்வதற்குச் சமமாகும். தீர்ப்பு வரும்போது வழங்குவதற்கு எதுவும் மிஞ்சியிராது. அத்தகைய அரிய வேளையிலே, வழக்கின் வலு மிக உறுதியாகத் தோன்றினால், மன்றம் தயங்கலாகாது. 1951 ஆம் ஆண்டின் ருங்டா தீர்ப்பு வாசற்படி வீடாகக்கூடாது என்றது. 2004 ஆம் ஆண்டின் தீர்ப்பு, வாசலை அடைத்தால் வீடே இல்லாமற் போகும் வழக்குகளும் உண்டு என்றது. இரண்டும் உண்மையே.

அவ்வாறு தலையிடத்தக்க இடமாற்றம் எத்தகையது என்பதற்கு 2008 டிசம்பரில் தீர்ந்த சோமேஷ் திவாரி வழக்கு சான்றாகும். போபாலில் இருந்த அவ்வதிகாரி, பெயரில்லாத முறைப்பாடொன்றின் பேரில் ஷில்லாங்குக்கு மாற்றப்பட்டார். முறைப்பாட்டிலே உண்மை காணப்படவில்லை. நிருவாகத் தேவை என்ற போர்வையிலே தண்டனைக்குப் பதிலாகச் செய்யப்பட்ட இடமாற்றம் செல்லாது என உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. நான்கு வரிக் கடிதத்தின் பின்னால் இருந்த கோப்பை மன்றம் திறந்து பார்த்ததனாலேயே இது சாத்தியமாயிற்று.

நோயை மன்றத்திலே தீர்ப்பதைவிட அலுவலகத்திலே தடுப்பது மேலானது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி. எஸ். ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பிறரும் தொடுத்த வழக்கிலே, 2013 அக்டோபர் 31 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் இதற்கு வழிகாட்டியது. இடமாற்றங்களைப் பரிந்துரைக்கச் சிவில் சேவைச் சபைகள் வேண்டும். ஒரு பதவியிலே குறைந்தபட்சக் காலம் உறுதிப்பட வேண்டும். மேலிடத்து வாய்மொழிக் கட்டளைகள் எழுத்திலே பதியப்பட வேண்டும் என்றது. 2014 ஆம் ஆண்டிலே இந்திய ஆட்சிப் பணிக்குரிய விதிகள் இதற்கேற்பத் திருத்தப்பட்டன. நியாயசபைகளைப் பற்றிய மனநிலை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. தமிழ்நாட்டிலே 1988 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மாநில நிருவாக நியாயசபை 2006 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது; அங்குள்ள மாநில ஊழியர் மீண்டும் சென்னை உயர் நீதிமன்றத்தையே நாடினர்.

இலங்கையும் அதே விருப்பக் கோட்பாட்டின் வாரிசுதான். சோல்பரி அரசியலமைப்பு ஊழியரின் நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம், ஒழுக்காற்றுக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பொதுச் சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. கோடீஸ்வரன் வழக்கிலே, உழைத்த சம்பளத்தைக் கேட்டு முடிக்கு எதிராக ஊழியர் வழக்கிடலாம் என 1969 ஆம் ஆண்டிலே கோமறைக் கழகம் தீர்த்தது. 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அவ்வதிகாரங்களை அமைச்சரவையிடம் மாற்றி, நீதிமன்றத்தின் விசாரணையையும் விலக்கியது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அவ்விலக்கைத் தொடர்ந்தது; ஆனால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தை நாடும் வழியை விட்டுவைத்தது. 2001 ஆம் ஆண்டின் பதினேழாவது திருத்தமும், 2002 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டமும் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபையை உருவாக்கின. ஆணைக்குழுவின் முடிவை மாற்றவும் நீக்கவும் வல்லது அச்சபை. இந்தியா நியாயசபைக்கு மேலே பரந்த மீளாய்வு வாசலை வைத்தது. இலங்கை குறுகிய வாசலை வைத்தது. எனினும் இடைக்கால ஆணையின் உட்பொருளை இந்நாட்டு உயர் நீதிமன்றமும் நன்குணர்ந்திருந்தது. காணி தொடர்பான பிலிமோரியா வழக்கிலே, அவ்வதிகாரம் இல்லையேல் வெற்றிபெற்ற மனுதாரரின் கையில் பயனற்ற வெறுந்தீர்ப்பே மிஞ்சும் எனப் பிரதம நீதியரசர் சமரக்கோன் காலத்து மன்றம் விளக்கியது.

இவ்வரலாறு முழுவதையும் ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். இடமாற்றத்தைத் தடுப்பது எப்பொழுதும் நீதியுமன்று. தடுக்க மறுப்பது எப்பொழுதும் நிருவாகப் பற்றுமன்று. இரண்டிலும் மன்றம் இருளிலே ஓரடி எடுத்து வைக்கிறது. ஏனெனில் முழு உண்மை இன்னும் அதன் முன் வரவில்லை. இருளிலே நடப்பவருக்கு விளக்கு வேண்டும். மறுதரப்பைக் கேட்டல், காரணத்தை எழுதுதல், குறித்த நாளிலே மீண்டும் பார்த்தல், மேலே ஒரு மன்றம் தன்னைப் பார்க்கிறது என்ற உணர்வு ஆகியவையே அவ்விளக்கு. இவை இருக்கும்வரை ஆணை பிழைத்தாலும் திருத்தமுண்டு. இவை இல்லாதவிடத்து, ஆணை சரியானதேயாயினும் தோற்றவர் அதனை நீதியென நம்பமாட்டார்.

இவ்விளக்கை ஏற்றும் கடமை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. இடமாற்றக் கடிதத்திலே கையொப்பமிடும் ஒவ்வோர் அதிகாரியும் அதற்கு முன்னர் அதே வினாக்களைத் தம்மிடமே கேட்கலாம்: இவரைக் கேட்டேனா, காரணம் உண்டா, அக்காரணத்தை எழுத்திலே பதிய நான் துணிவேனா? மூன்றாவது வினாவுக்கு ஆம் என விடை கூறக்கூடிய கடிதம் பெரும்பாலும் நீதிமன்றம் வரை செல்வதில்லை.